சொகோத்ராவின் சிவப்புப் பிசின்: ஆய்வகம் உறுதிசெய்தது எது, சந்தை இரவல் வாங்கியது எது?

ஏமன் நாட்டைச் சேர்ந்த சொகோத்ரா தீவில் மட்டுமே இயல்பாக வளரும் மரம் டிராசீனா சின்னபாரி. பட்டையைக் கீறினால் கசிந்து இறுகும் இதன் செந்நிறப் பிசின் ஈராயிரம் ஆண்டுகளாகக் கடல் கடந்து விற்கப்பட்டு வந்திருக்கிறது. ஐரோப்பியர் அதை டிராகன் இரத்தம் என்றனர். அரபு வணிகர் இரு சகோதரரின் இரத்தம் என்றனர். காயத்தை ஆற்றும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், சர்க்கரையைக் குறைக்கும், புற்று அணுக்களைக் கொல்லும் என்று இப்பிசினைப் பற்றி இன்று எழுதப்படுவன ஏராளம். இவற்றுள் எவை இந்த மரத்தின் பிசினையே சோதித்துப் பெற்ற முடிவுகள், எவை இதே பெயரில் விற்கும் வேறு தாவரங்களின் முடிவுகள் என்பது இக்கட்டுரையின் கேள்வி. அதையொட்டி இன்னொரு கேள்வியும் வருகிறது. அரிய மரம் ஒன்றில் பயனுள்ள சேர்மம் கண்டறியப்பட்டால் அந்த மரம் பிழைத்துக்கொள்ளும் என்று பரவலாக நம்பப்படுகிறது. சொகோத்ராவில் அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

தீவும் மரமும்

அரபுத் தீபகற்பத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில், ஆப்பிரிக்காவின் கொம்பு முனைக்குக் கிழக்கே கிடக்கிறது சொகோத்ரா. பரப்பு சுமார் 3,600 சதுர கி.மீ. நெடுங்காலம் கண்டங்களிலிருந்து பிரிந்து கிடந்ததால் இதன் உயிரினங்கள் தனிப்பாதையில் வளர்ந்தன. 2008இல் யுனெஸ்கோ இத்தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அங்குள்ள 825 தாவர இனங்களில் 37 விழுக்காடு உலகில் வேறெங்கும் இல்லாதவை என்று குறித்தது.

ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஐசக் பெய்லி பால்ஃபர் 1880இல் இத்தீவுக்குச் சென்று தாவரங்களைச் சேகரித்தார். இம்மரத்துக்கு அறிவியல் பெயரிட்டவரும் அவரே. கவிழ்த்த குடைபோல் அடர்ந்த விதானம், அதன் அடியில் கிளைத்துக் கிளைத்துப் பிரியும் கிளைகள், நுனியில் மட்டும் கொத்தாக வாள் இலைகள் எனப் படங்களில் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும் மரம் இது. தாவரக் குடும்ப உறவில் நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளி. நம் ஊர் மருளையும் தாவரவியலாளர்கள் அண்மையில் டிராசீனா பேரினத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவித்திலைத் தாவரமாதலால் தண்டில் ஆண்டு வளையம் விழாது. எத்தனை முறை கிளைத்திருக்கிறது என்பதை வைத்தே வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டு மரம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது, வளையம் எண்ணிச் சொன்ன வயது அதுவல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலங்களிலும் ஹஜ்ஹிர் மலைத்தொடரின் கருங்கல் சரிவுகளிலும், பனிமூட்டம் வந்து தங்கும் உயரங்களில் இம்மரங்கள் நிற்கின்றன. காடு என்று சொல்லத்தக்க அடர்த்தி ஃபிர்மிஹின் மேட்டுநிலத்தில்தான் உண்டு. பனியின் ஈரத்தை விதானம் பிடித்து அடிமண்ணுக்குச் சொட்டவிடுவதால் மற்றச் செடிகளுக்கும் இம்மரம் நீர் தருகிறது.

பழைய நூல்கள், பழைய குழப்பம்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ், இத்தீவை டியோஸ்கோரிதேஸ் என்று அழைக்கிறது. மரங்களிலிருந்து துளிகளாகச் சேகரிக்கப்படும், இந்தியச் சின்னபாரி எனப்பட்ட பொருள் அங்கே கிடைப்பதாக அது சொல்கிறது. தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு செய்தியும் அதே பகுதியில் உண்டு: லிமிரிகேயிலிருந்தும் குஜராத்துத் துறையான பாரிகாசாவிலிருந்தும் வந்து தீவில் கரையேறியவர்கள் அரிசியும் தானியமும் பருத்தித் துணியும் அடிமைப் பெண்களும் கொடுத்து மாற்றுப்பொருள் பெற்றார்கள். லிமிரிகே என்பது முசிறி முதலான துறைகள் இருந்த சேரர் கடற்கரை. இதைக் கொண்டு, டிராசீனா பிசின் சங்ககாலத் தமிழகத்துக்கு வந்தது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் கப்பல்கள் ஏற்றிச்சென்றதாக அந்நூல் கூறுவது ஆமையோட்டை, பிசினை அல்ல. தீவின் ஹோக் குகையில் கண்டெடுக்கப்பட்டு 2012இல் இங்கோ ஷ்ட்ரௌக் பதிப்பித்த பிராமிக் கிறுக்கல்களும், இந்தியாவின் மேற்குக் கடற்கரை மாலுமிகள், குறிப்பாகக் குஜராத்துப் பகுதியினர், அங்கே வந்துபோனதையே காட்டுகின்றன. ஆள் போக்குவரத்துக்குச் சான்று இருக்கிறது. பிசின் போக்குவரத்தைத் தனியே நிறுவ வேண்டும்.

மருத்துவ நூல்களில் குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது. கிரேக்க, இலத்தீன் எழுத்தாளர்கள் சின்னபாரி என்ற பெயரைப் பிசினுக்கும் பாதரசக் கந்தகத்துக்கும், அதாவது நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என்று வழங்கும் கனிமத்துக்கும், சேர்த்தே பயன்படுத்தினர். யானையோடு பொருது நசுங்கிய நாகத்தின் குருதியே இப்பொருள் என்று கதை சொல்லும் இலத்தீன் எழுத்தாளர் பிளினி, அதே மூச்சில் மிகத் தெளிவான எச்சரிக்கை ஒன்றையும் தருகிறார்: பெயர் மயக்கத்தால் மருத்துவர்கள் நச்சுக் கனிமத்தை மருந்தாகக் கொடுத்துவிடுகிறார்கள். கதையை மட்டும் மேற்கோள் காட்டி எச்சரிக்கையை விட்டுவிடுவது பிற்காலத்தவர் வழக்கமாயிற்று.

அதன்பின் குழப்பம் பெருகியது. கானரி தீவுகளிலும் மதீராவிலும் வளரும் டிராசீனா டிராக்கோவின் பிசின் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியச் சந்தைக்குள் வந்தது. சுமத்ரா, போர்னியோக் காடுகளில் ஒருவகைப் பிரம்பின் கனிகள்மேல் படியும் சிவப்புப் பிசின் இன்னொரு சரக்கு. நம் மருந்துப் பட்டியல்களில் கண்டாமிருக இரத்தம் என்று வருவது பெரும்பாலும் இதுதான். அமேசான் பகுதியில் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த குரோட்டன் லெக்லேரி என்ற மரத்தின் சிவப்புப் பால், ஸ்பானிய மொழியில் அதே பெயரைப் பெற்றது. சீனத்தின் யுன்னானில் 1972இல் தாவரவியலாளர் சாய் சிதாவ் கண்டறிந்த டிராசீனா கொச்சின்சினென்சிஸ் மரங்கள், இறக்குமதிப் பிசினுக்கு மாற்றாயின. வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த மேற்கிந்தியத் தீவு மரம் ஒன்றின் குருதிப் பிசினும் இப்பட்டியலில் உண்டு. குடும்பம் வேறு, கண்டம் வேறு, சேர்மங்கள் வேறு. கடைச்சீட்டில் பெயர் ஒன்று.

பிசினுக்குள் இருப்பவை

டிராசீனா சின்னபாரியின் வேதியியலை முறையாகத் திறந்து காட்டிய ஆண்டு என்று 1995ஐச் சொல்லலாம். ஏமனைச் சேர்ந்த மசாவூத், ஜெர்மனியின் ஹாலே நகரத் தாவர உயிர்வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரிப்பெர்கர், ஆடம் முதலியோருடன் சேர்ந்து அவ்வாண்டில் பல ஆய்வுரைகளை வெளியிட்டார். பிசினில் பெரும்பகுதி ஃபிளேவனாய்டுகளும் அவற்றின் உறவுச் சேர்மங்களும் என்பது அவற்றால் தெளிவானது.

ஃபிளேவனாய்டு என்பது தாவர உலகம் முழுவதும் பரவிய குடும்பம். இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றை இணைக்கும் மூன்று கார்பன்கள், ஆக 15 கார்பன் கொண்ட எலும்புக்கூடு. தேயிலையின் துவர்ப்பும் செம்பருத்தியின் சிவப்பும் இதன் வேறுபாடுகளே. சொகோத்ராப் பிசினில் இந்த எலும்புக்கூடு பல வடிவங்களில் கிடைக்கிறது. நடுவளையம் மூடாமல் சங்கிலியாகவே நிற்கும் சால்கோன்கள், அவற்றில் இரட்டைப் பிணைப்பு நீங்கிய டைஹைட்ரோசால்கோன்கள், மூடிய வளையமுடைய ஃபிளேவான்கள், பிறகு ஒரு கார்பன் கூடுதலாகப் பெற்று 16 கார்பனோடு அமையும் ஹோமோஐசோஃபிளேவனாய்டுகள். இந்தக் கடைசி வகை தாவர உலகில் எங்கும் கிடைப்பதில்லை. தண்ணீர்விட்டான் வரிசைத் தாவரங்களிலும் பருப்புக் குடும்பத்தின் சில மரங்களிலும்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. கேரளத்திலும் தென்தமிழகத்திலும் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகக் கட்டையின் சிவப்புக்குக் காரணமான பிரேசிலின், வேதி அமைப்பில் இவ்வகைக்கு உறவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மரங்கள் ஒரே எலும்புக்கூட்டை எட்டியிருக்கின்றன.

தனி மூலக்கூறுகளோடு இது நிற்கவில்லை. இரண்டு ஃபிளேவனாய்டு அலகுகள் சேர்ந்த சின்னபாரோனும், மூன்று அலகுகள் சேர்ந்த டமலச்சாவினும் இப்பிசினிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டவை. பின்னதன் அமைப்பு அதுவரை அறியப்படாத புதுவகை என்று கண்டுபிடித்தவர்கள் அறிவித்தனர். பிசினின் அரபுப் பெயரையே அதற்குச் சூட்டினர். பின்னர் டிராக்கோஃபேன் என்ற வளையச் சேர்மமும் பட்டியலில் சேர்ந்தது.

காயப்பட்ட மரம் காயத்தை அடைக்கச் சுரப்பதே பிசின். ஆகவே அதன் கலவை காயம், காலம், இடம் மூன்றையும் பொறுத்து மாறும். டிராசீனா கொச்சின்சினென்சிஸில் குறிப்பிட்ட பூஞ்சைகளைத் தண்டில் செலுத்திப் பிசின் உருவாவதைத் தூண்டிப் பார்த்த சீன ஆய்வுகள், மரத்தோடு பூஞ்சையும் இதில் பங்கேற்பதைச் சுட்டுகின்றன. பிசினின் ஒரு மாதிரியைப் பகுத்து இதுவே சொகோத்ராப் பிசின் என்று அளவுகளை அறுதியிடுவது அதனால் கடினம். ஒரு மாதிரியில் மிகுந்த சேர்மம் அடுத்ததில் அருகியிருக்கலாம்.

சிவப்பைக் கொண்டு அடையாளம் காணுதல்

சிவப்பு எங்கிருந்து வருகிறது? மேலே சொன்ன ஃபிளேவான்களும் சால்கோன்களும் பெரும்பாலும் நிறமற்றவை அல்லது மஞ்சள். சிவப்புக்குப் பொறுப்பு, அளவில் சிறிய ஃபிளேவிலியம் என்ற குழு. பூக்களின் ஆந்தோசயனின் நிறமிகளுக்கு இது நெருங்கிய உறவு. அமிலத்தில் ஒரு நிறமும் அமிலம் குறைந்தால் வேறொரு நிறமும் காட்டும். அமிலத்தில் மஞ்சளாக இருக்கும் இம்மூலக்கூறு, புரோட்டான் ஒன்றை இழந்ததும் குயினாய்டு வடிவம் பெற்றுச் சிவக்கிறது. கரைசலில் அதே மூலக்கூறு வளையம் திறந்து சால்கோனாகவும் மாறி மாறி நிற்கும்.

லிஸ்பன் ஆய்வாளர்கள் மெலோ முதலியோர் 2007இல் டிராசீனா டிராக்கோவின் சிவப்பை டிராக்கோஃபிளேவிலியம் என்று இனங்கண்டனர். அடுத்த ஆண்டு சௌசா முதலியோர் இன்னும் பயனுள்ள முடிவை வெளியிட்டனர். மூல இடம் உறுதியான மாதிரிகளைத் திரவ நிறப்பகுப்பியல் வழி ஆராய்ந்தபோது, ஒவ்வொரு மூலத்துக்கும் தனிச் சிவப்பு இருந்தது. பிரம்புப் பிசினுக்கு டிராகோரோடின். கானரி மரத்துக்கு டிராக்கோஃபிளேவிலியம். சொகோத்ரா மரத்துக்கு 7,4'-டைஹைட்ராக்சிஃபிளேவிலியம். இம்முறையைக் கொண்டு இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் பழஞ்சேகரிப்பிலிருந்த 37 மாதிரிகளையும் அவர்கள் சோதித்தனர். ஓவியங்களிலும் மெருகுப் பூச்சுகளிலும் உள்ள சிவப்பை ராமன் நிறமாலை வழியே இனம்பிரிக்க எட்வர்ட்ஸ் முதலியோர் முயன்றதும் இதே திசையிலான பணி.

என் பார்வையில், இம்மரத்தின் வேதியியல் ஆய்வுகளில் ஐயத்துக்கு இடமில்லாத பயன் இதுதான். ஈராயிரம் ஆண்டுப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கருவி கிடைத்திருக்கிறது. மருத்துவக் கட்டுரைகள் இக்கருவியைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது வியப்பு.

மருந்து என்ற வாதம்

சொகோத்ரா மக்கள் இப்பிசினைக் குருதிக் கசிவை நிறுத்தவும் புண்ணுக்குப் பூசவும் வயிற்றுக் கடுப்புக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மண்பாண்டங்களுக்கு வண்ணமும் தீட்டுகிறார்கள். ஃபிளேவனாய்டுகள் மிகுந்த பிசினுக்குத் துவர்ப்பும் திசுவைச் சுருக்கும் தன்மையும் இருப்பது இயல்பே. பட்டறிவிலிருந்து வந்த இப்பயன்பாட்டை எள்ளிவிட முடியாது. ஆனால் அதன்மேல் கட்டப்படும் புதிய கோரிக்கைகளை ஒவ்வொன்றாக அதன் வேருக்குப் பின்தொடர வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு டிராகன் இரத்தம் அறிவியலால் நிரூபிக்கப்பட்டது என்பது அடிக்கடி காணும் வாக்கியம். அதன் மூலம் குரோஃபெலமர் என்ற மருந்து. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வரும் வயிற்றுப்போக்குக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 டிசம்பர் 31 அன்று இதை ஏற்றது. குடல் சுவரின் குளோரைடு வாய்க்கால்களை அடைத்து நீரிழப்பைக் குறைப்பது இதன் செயல்முறை. ஆனால் அது அமேசானின் குரோட்டன் மரத்திலிருந்து எடுத்த புரோஆந்தோசயனிடின் கலவை. சொகோத்ரா மரத்துக்கும் அதற்கும் உள்ள ஒரே உறவு பெயர். காயம் ஆற்றுவது பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் டாஸ்பின் என்ற ஆல்கலாய்டும் குரோட்டனுடையதே.

புற்று அணுக்களைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது டிராகோரோடின் பெர்குளோரேட். அது பிரம்புப் பிசினின் நிறமி. சீன அரசு மருந்துநூல் பிரம்புப் பிசினில் டிராகோரோடின் ஒரு விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று தர அளவே வைத்திருக்கிறது. சொகோத்ராப் பிசின் எவ்வளவு தூயதாக இருந்தாலும் அந்தச் சோதனையில் தேறாது. சர்க்கரை நோய், இரத்த ஓட்டம் ஆகியவை பற்றிப் பேசும் கட்டுரைகள் சுட்டும் லூரெய்ரின்கள், டிராசீனா கொச்சின்சினென்சிஸின் தர அடையாளமான டைஹைட்ரோசால்கோன்கள். இங்கேயாவது பேரினம் ஒன்று, சேர்ம வகையும் நெருக்கம். ஒப்பிட்டுப் பேச இடமுண்டு. ஒப்பீடு என்று சொல்லிப் பேச வேண்டும், அவ்வளவே.

இரவல்களைக் கழித்துவிட்டால் டிராசீனா சின்னபாரிக்கென்று எஞ்சுவது என்ன? 1993இல் யுரானெக் முதலியோரும் 2001இல் செக் ஆய்வாளர் மகாலா முதலியோரும், இப்பிசினின் ஹோமோஐசோஃபிளேவனாய்டுகள் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதைச் சோதனைக் குழாயில் காட்டினர். பின்னவர்கள் சில நச்சுப்பொருள்களை உடலுக்குள் மாற்றியமைக்கும் சி.ஒய்.பி.1ஏ நொதிகளை இவை தடுப்பதையும் பதிவுசெய்தனர். சாறுகளைக் கொண்டு நுண்ணுயிர்களையும் அணு வளர்ப்புகளையும் சோதித்த ஆய்வுகள், எலிகளில் நடந்த சில ஆய்வுகள் எனப் பட்டியல் சிறிதுதான் நீள்கிறது. நோயாளிகளிடம் சோதித்து மருந்தாக ஏற்பு பெறும் கட்டத்தை இப்பிசின் எட்டியதில்லை.

சோதனைக் குழாய் முடிவுகளையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்க மிகுதியாகக் கையாளப்படும் டிபிபிஎச் முறையில், ஊதா நிறத் தனியுறுப்பு ஒன்று நிறம் இழப்பதை ஒளி உட்கவர்வால் அளக்கிறார்கள். சோதிக்கப்படும் பொருளே அழுத்தமான சிவப்பாக இருந்தால் அந்த அளவு கெடும். அதற்கான திருத்தம் செய்யப்பட்டதா என்பதை வாசகர் தேடிப் பார்க்க வேண்டும். மேலும், ஃபீனால் தொகுதிகள் கொண்ட எந்தத் தாவரச் சாறும் இச்சோதனையில் ஓரளவு தேறும். மாதுளைத் தோலும் தேறும், நெல்லிக்காயும் தேறும். குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றமடைந்து, இரத்தத்தில் எவ்வளவு எஞ்சுகிறது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. நொதியைத் தடுப்பது என்பதும் இருமுனைக் கத்தி. நச்சு உருவாவதைத் தடுக்கலாம். உடன் உட்கொள்ளும் வேறு மருந்தின் அளவையும் மாற்றிவிடலாம். விற்பனைச் சீட்டுகள் முதல் பாதியை மட்டும் அச்சிடுகின்றன.

சேர்மம் மரத்தைக் காக்குமா?

மருத்துவ மதிப்பு கூடினால் மரத்தின் மதிப்பும் கூடும், மக்கள் காப்பார்கள் என்பது வாதம். இதற்கு எதிரான பழைய உதாரணம் இன்னொரு தீவுத் தாவரம். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணியிலிருந்து 1958இல் கனடாவின் நோபிளும் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தறிவித்தனர். தொடர்ந்து வின்கிரிஸ்டின் வந்தது. இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் விதியை மாற்றிய மருந்துகள் இவை. செடியோ உலகெங்கும் வளரக்கூடியது. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களிலும் மருந்துத் தொழிலுக்காகப் பயிரிடப்பட்டது. மடகாஸ்கருக்குப் பங்கு கிடைக்கவில்லை. சேர்மம் வென்றது என்பதற்காகத் தாயகம் வெல்வதில்லை.

டிராசீனா சின்னபாரிக்கு நிலைமை இன்னும் கடினம். மெதுவாக வளரும் மரமாதலால் தோட்டப்பயிர் ஆக்குவது எளிதன்று. அதே வேளை, இதன் அடையாளமான 7,4'-டைஹைட்ராக்சிஃபிளேவிலியத்தை ஆய்வகத்தில் இரண்டு சாதாரண வேதிப்பொருள்களை அமிலத்தில் குறுக்கவினைப்படுத்தியே செய்துவிடலாம். மூலக்கூறுக்குச் சந்தை வந்தால் தொழிற்சாலை செய்துகொள்ளும். சேர்மக் கலவையான பிசினுக்குச் சந்தை வந்தால் மரத்தில் கீறல்கள் பெருகும். இரண்டிலும் மரத்துக்கு நன்மை இல்லை. மரபு வளங்களின் பயனைப் பகிர்ந்துகொள்ள 2010இல் ஏற்கப்பட்ட நகோயா நெறிமுறை கொள்கையளவில் ஒரு வழி. ஆனால் 2015 முதல் முழுப்போரில் சிக்கிய நாடொன்றில் அதன் பயன் எந்த மேய்ப்பரின் கைக்குப் போய்ச் சேரும் என்பது எளிய கேள்வியல்ல.

இம்மரத்தின் உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அண்மையில் எண்ணியபோது கிடைத்த தொகை ஏறத்தாழ 80,000 மரங்கள். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றலாம்; பெரும்பாலானவை முதிர்ந்த மரங்கள், கன்றுகள் அரிது. முளைத்த கன்றை ஆடு தின்றுவிடுகிறது. ஆடு எட்டாத செங்குத்துப் பாறைகளில்தான் இளமரங்கள் தென்படுகின்றன. அத்தோரே முதலியோர் 2007இல் வெளியிட்ட கணிப்பின்படி, தனக்குப் பொருந்தும் வாழிடத்தில் 5 விழுக்காட்டிலேயே இம்மரம் இப்போது நிற்கிறது. வறட்சி கூடுவதால் 2080க்குள் அவ்வாழிடமே 45 விழுக்காடு சுருங்கலாம். 2015 நவம்பரில் ஒரே வாரத்துக்குள் சப்பாலா, மேக் என்ற இரு புயல்கள் தீவைத் தாக்கி முதிர்ந்த மரங்களைப் பெருமளவில் வேரோடு சாய்த்தன. 2018 மே மாதம் மேகுனு வந்தது.

ஆடு, வறட்சி, புயல் ஆகிய மூன்றில் எதற்கும் டமலச்சாவினின் மூலக்கூறு அமைப்பில் மருந்து இல்லை. தீவில் இப்போது நடக்கும் நாற்றங்கால் பணியும் கல்வேலி அடைப்புகளும் மேய்ப்பர்களோடு பேசி மேய்ச்சலை ஒழுங்கு செய்வதும்தான் கன்றுகளை உயிரோடு வைத்திருப்பவை. இப்பிசினைப் பற்றி எழுதும் பத்திரிகையாளரும் இதை விற்கும் கடைக்காரரும் இரண்டு செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்: எந்தத் தாவரத்தின் பிசின் என்ற முழுப்பெயர், அந்த முடிவு குழாயில் கிடைத்ததா மனிதரிடம் கிடைத்ததா என்ற விவரம். இவை இல்லாத கோரிக்கையை வாசகர் நம்ப வேண்டியதில்லை.